கடற்கரை மீட்பும் பீன்ஸ் பாயசமும்

பாயா மான்சா ஊரில் கடற்கரை காணாமல் போய்விட்டது என்ற விஷயம் அரசாங்கத்தின் மேலான கவனத்துக்கு வந்தது ஒரு செருப்பின் மூலமாகத்தான்.

கரை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து வருவதை ஊரார் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். சும்மா பார்ப்பதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை. பெல்கிஸ் மார்த்தேயின் மீன் வறுவல் கடைக்குள் அலை வந்து மேஜைக் காலைத் தொட்டபோதுகூட யாரும் கவலைப்படவில்லை. "காலை நனைச்சுக்கிட்டே மீன் தின்னலாம், தலைநகரத்துல எந்த ஹோட்டல்ல இந்த வசதி இருக்கு?" என்று சொல்லி அவள் தட்டுக்குப் பத்து பேசோ ஏற்றியும் விட்டாள். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அமைச்சர் ஒருவரின் மைத்துனர் செருப்பைக் கழற்றி மேஜைக்கடியில் விட்டுவிட்டு, வறுத்த மீனும் வாழைக்காய் வறுவலுமாகத் தம்மை மறந்திருந்த சமயத்தில், ஒரு அலை உள்ளே வந்து இடது கால் செருப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டது. வலது செருப்பை விட்டுவிட்டுப் போனதைத்தான் அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

சீக்கிரமே துறைமுக அலுவலகத்திலிருந்து பெல்கிஸுக்கு ஒரு உத்தரவு வந்தது. அவள் அதைத் தூக்கிக்கொண்டு மேயர் மில்சியாதெஸ் பெகேரோவிடம் ஓடினாள். மேயர் நல்ல மனிதர். யார் எதைக் கேட்டாலும் "ஆகட்டும்" என்பார். இதுவரை எதுவும் ஆனதில்லை என்பதால் ஊரில் யாருக்கும் யார் மேலும் பொறாமை இல்லை.

"என்ன மேயரய்யா இது? என் கடை கப்பலாமே!"

"கப்பல்னு எங்கம்மா போட்டிருக்கு? மிதவைன்னுதான் போட்டிருக்கு."

"மரத் தூண் நட்டுக் கூரை போட்ட கடை! அது எங்கே மிதக்குது?"

"தண்ணியில நிக்குதா, இல்லையா?"

"தண்ணிதான் வந்து நிக்குது."

"யாரு யார்கிட்ட வந்தாங்கங்கிறது சட்டத்துக்கு வேண்டாத விஷயம். ஒண்ணு தண்ணியில நிக்குது. அதுல ஆளுங்க உக்காராங்க. நீ காசு வாங்கறே. அதுக்குப் பேரு பயணிகள் கப்பல். நங்கூரம் வேணும், ஆளுக்கொரு உயிர் காக்கும் சட்டை வேணும். புனித வாரத்துக்குள்ள இல்லேன்னா இழுத்துட்டுப் போயிடுவாங்க."

புனித வாரம் என்பது ஈஸ்டருக்கு முந்தின வாரம். அந்த ஒரு வாரம் நாடே கடலுக்கு வரும். அந்த வாரத்தில் விற்கிற மீனில்தான் அவள் மகளின் கல்லூரிச் செலவும் அடுத்த பல மாதத்து அரிசியும் இருக்கிறது. மற்ற வாரங்களில் அவள் கடை திறந்து வைத்திருப்பது பெரும்பாலும் காற்றுக்காக.

"கடை போச்சுன்னா நான் போனேன், மேயரய்யா."

"ஆகட்டும்" என்றார் மேயர்.

பெல்கிஸ் ஒரு மீனவனிடம் பழைய நங்கூரம் ஒன்றை வாங்கிவந்து கடைத் தூணில் சங்கிலி போட்டுக் கட்டினாள். ஆரஞ்சு நிற உயிர் காக்கும் சட்டைகளை வரிசையாக மாட்டிவைத்தாள். வாடிக்கையாளர்கள் அதைப் போட்டுக்கொண்டு மீன் தின்றார்கள். ஒரு பெரியவர் இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, இது எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று விசாரித்தார்.

மேயர் இதற்கிடையில் சும்மா இருக்கவில்லை. கடற்கரை மீட்பு இயக்ககம் என்று தலைநகரில் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு மனு போட்டார். அங்கிருந்து லிசென்சியாதா யோகாஸ்தா வெந்தூரா வந்து இறங்கினார். லிசென்சியாதா என்பது படிப்பு முடித்தவர்களுக்கு உண்டான பட்டம். அதைச் சொல்லிக் கூப்பிடாவிட்டால் அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. உடம்பெல்லாம் பை வைத்த காக்கிக் கோட்டு ஒன்று போட்டிருந்தார். களப்பணிக்குப் போகிற அதிகாரிகளிடையே அந்த வருஷம் அதுதான் பாணி. பைகள் எல்லாம் காலியாக இருந்தன.

சாலை முடிகிற இடத்தில் நின்று அவர் கடலை மேலும் கீழும் பார்த்தார்.

"கடற்கரை எங்கே?"

"அதான் இல்லீங்களே, லிசென்சியாதா. அதுக்குத்தானே மனு" என்றார் மேயர்.

"எங்க நிதி சேதமடைந்த கடற்கரைக்கு. உங்களுக்குச் சேதமே ஆகலையே. மொத்தமாப் போயிருக்கு."

பெல்கிஸ் குறுக்கே புகுந்தாள். "அப்போ மொத்தமாப் போனதுக்கு யாரும்மா நிதி தராங்க?"

"மொத்தமாப் போனா அது கடல். கடலுக்குத் தனிப் பிரிவு இருக்கு. ஆனா அவங்களும் தர மாட்டாங்க. உங்க கடல் நல்ல நிலையிலதான் இருக்கு. வளர்ச்சிகூடத் தெரியுது."

வளர்ச்சி என்ற சொல்லைக் கேட்டதும் மேயர் தம்மை அறியாமல் நெஞ்சை நிமிர்த்தினார்.

கடைசியில் லிசென்சியாதாவே மனமிரங்கி வழி சொன்னார். ஆய்வுக் குழு வரும் நாளில், அவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து செருப்பு நனையாமல் எழுந்து போகிற அளவுக்கு மணல் இருந்தால் போதும். அது சேதமடைந்த கடற்கரை என்று சான்று கிடைத்துவிடும். செருப்பைப் பற்றிய விதி சமீபத்தில் சேர்க்கப்பட்டது.

ஆக, மணல் கேட்பதற்கு முதலில் மணல் வேண்டும். ஊரில் மணல் வைத்திருந்தவன் ஒரே ஆள், சிமென்ட் கல் பட்டறை ராதாமேஸ். பெல்கிஸின் மகளுக்கு ஞானஸ்நானம் நடந்தபோது ஞானத் தகப்பனாக நின்றவன் அவன். அந்த உறவில் அவர்கள் ஒருவரை ஒருவர் கொம்பாத்ரே, கொம்மாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். பாயா மான்சாவில் நிற்கிற சுவர் ஒவ்வொன்றும் அவன் பட்டறைக் கல்தான். மேயர் அலுவலகம், பள்ளிக்கூடம், பெல்கிஸின் வீடு எல்லாம். அவன் கல்லை மற்ற ஊர்க் கல்லிலிருந்து சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். இடையிடையே சிப்பி தெரியும்.

"தரேன் கொம்மாத்ரே. ஆனா கடன்தான். ஆய்வு முடிஞ்சதும் திரும்பி வந்துடணும்."

"உன் முற்றத்துல குவிஞ்சு கிடக்கே, இந்த மணல் எங்கேருந்து வந்தது கொம்பாத்ரே?"

ராதாமேஸ் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "உன் வீட்டு அடுப்படித் தரை எங்கேருந்து வந்தது?"

பெல்கிஸ் பேச்சை மாற்றினாள். சிமென்ட் விலை ஏறிவிட்டதாமே என்றாள்.

கடன் மணலைக் கொட்டிப் பரப்பினார்கள். ஆய்வுக் குழு வந்து உட்கார்ந்தது, உலர்ந்த செருப்போடு எழுந்தது, சேதத்தைப் பற்றி மிகுந்த திருப்தி தெரிவித்தது. அவர்கள் ஜீப் திருப்பம் தாண்டுவதற்குள் ராதாமேஸ் மணலை வாரி வண்டியில் ஏற்றிவிட்டான்.

அடுத்தது பங்கேற்புப் பயிலரங்கு. மக்களைக் கேட்காமல் மக்களுக்கு எதையும் செய்யக் கூடாது என்பது புதிதாக வந்திருக்கும் கொள்கை. மேயர் அலுவலகக் கூடத்தில் ஊரையே உட்காரவைத்து, கலர் கலராகக் காகிதம் கொடுத்து, மனதில் உள்ளதை எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார் லிசென்சியாதா. பெல்கிஸ் பச்சைக் காகிதத்தில் "மணல்" என்று எழுதி ஒட்டினாள்.

"இது பச்சை" என்றார் லிசென்சியாதா.

"ஆமா."

"பச்சை கனவுகளுக்கு. மணல் தேவைன்னா மஞ்சள்ல எழுதணும்."

"மஞ்சள் தீர்ந்துபோச்சுங்களே."

"அப்போ மணல் உங்க கனவு" என்று சொல்லி, கனவுகள் என்ற தலைப்பின் கீழ் அதை நகர்த்தி ஒட்டினார்.

அதே கூடத்தில்தான், மணல் எங்கே போனது என்ற மாபெரும் ஆய்வின் முடிவும் சில மாதம் கழித்து வாசிக்கப்பட்டது. கருவி வைத்து அளந்தார்களாம், கடலுக்கடியில் படம் எடுத்தார்களாம். "பாயா மான்சா மணல் சென்ற இடம் விஞ்ஞானத்துக்கு இன்னும் புலப்படவில்லை" என்று லிசென்சியாதா நிறுத்தி நிதானமாகப் படித்துவிட்டுச் சுவரில் சாய்ந்தார். சுவரிலிருந்து கொஞ்சம் மணலும் ஒரு சிப்பியும் உதிர்ந்து அவர் தோளில் விழுந்தன. அவர் சிப்பியை எடுத்துப் பார்த்தார்.

"அழகா இருக்கே! சுவர்ல சிப்பியெல்லாம் பதிச்சிருக்கீங்களா?"

"உள்ளூர்க் கலைங்க" என்றார் மேயர்.

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் வெட்கப்பட்டுத் தரையைப் பார்த்தார்கள். தரையிலும் சிப்பி இருந்தது.

அந்தக் கூட்டத்தின் முடிவில் லிசென்சியாதா போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னார். கரை திரும்பினால் சுற்றுலாக்காரர்கள் குவிவார்கள், அவர்கள் தங்க ஒவ்வொரு வீடும் ஒரு விருந்தினர் இல்லமாக மலர வேண்டும், மாடியில் கடல் தெரிகிற மாதிரி ஒரு அறை இருந்தால் போதும் என்றார். பாயா மான்சாவில் எந்த வீட்டு மொட்டைமாடியைப் பார்த்தாலும், என்றைக்காவது மாடி கட்டலாம் என்று விட்டுவைத்த கம்பிகள் துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருக்கும். அன்று சாயங்காலம் ஊரே அண்ணாந்து தத்தம் கம்பியைப் பார்த்தது. பெல்கிஸும் பார்த்தாள்.

நிதி வந்தது. அதில் பெரும் பகுதி ஆய்வுக்கும், மிச்சத்தில் பெரும் பகுதி ஆய்வைச் சரிபார்த்ததற்கும், அப்புறம் பயிலரங்குக்கும், திட்டத்தின் பெயர் அச்சடித்த பனியன்களுக்கும், மேயர் படம் போட்ட பலகைக்கும் போனது போக, மணலுக்கும் கொஞ்சம் இருந்தது. இதை யாருமே எதிர்பார்க்கவில்லை.

புனித வாரத்துத் திங்கட்கிழமை லாரிகள் வந்தன. வெள்ளை வெளேரென்று, மாவு போன்ற மணல். கொட்டக் கொட்டக் கடல் பின்வாங்கியது. பெல்கிஸின் கடை தரைக்கு வந்தது. அவள் வெறுங்காலோடு கடையைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். எந்தப் பக்கம் நடந்தாலும் கால் நனையவில்லை. உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள், அத்தனை சந்தோஷம். இனிமேல் இது கப்பல் இல்லை என்று மேயரே வந்து அறிவித்துவிட்டுப் போனார். நங்கூரத்தை அவிழ்த்து அந்த மீனவனிடமே பாதி விலைக்குக் கொடுத்துவிட்டாள்.

புதன்கிழமை கூட்டம் அள்ளியது. வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் மீன் தீர்ந்துபோய் மறுபடி வாங்கிவரச் சொன்னாள். அன்று மூன்று குடும்பங்கள் அவளிடம் தங்க இடம் இருக்கிறதா என்று கேட்டன. இல்லை என்று மூன்று தரம் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த நேரம் பார்த்து ராதாமேஸ் வந்து ஒரு பிடி மணலை அள்ளி விரல் வழியே ஒழுகவிட்டான்.

"இந்த மண்ணுல ஒரு கல் போட்டா, நூறு வருஷம் நிக்கும் கொம்மாத்ரே."

"வாயைக் கழுவு. இது ஊர்ச் சொத்து."

"ஊருன்னா யாரு? நீ ஊர்ல இல்லையா?"

"என் கடையே இதை நம்பித்தான் நிக்குது!"

"நான் என்ன கரையையா தூக்கிட்டுப் போகச் சொன்னேன்? மாடியில ஒரு ரூம்பு. உன் பங்கைத்தான் சொல்றேன்."

பெல்கிஸ் அவனைக் கரண்டியால் விரட்டினாள். ஆனால் அவன் சொன்ன 'பங்கு' என்ற சொல் போகவில்லை. எத்தனை லாரி வந்தது! அதில் ஒரு பானை குறைந்தால் கடலுக்கா தெரியப் போகிறது? ஒருத்தி எடுத்து ஒரு கரை கரைந்துவிடுமா? நியாயமான கேள்வி. அந்த நியாயமான கேள்வியை அன்று இரவு ஊரில் எல்லா வீட்டிலும் கேட்டுக்கொண்டார்கள்.

மறுநாள் புனித வெள்ளி. அன்று கடலில் குளித்தால் மீனாகிவிடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை. தலைநகரத்துப் படித்தவர்கள் இதை நம்புவதில்லை. ஆனால் அன்றைக்குக் குளிப்பதும் இல்லை. அதனால் கடற்கரை வெறிச்சென்று இருந்தது. இன்னொரு வழக்கமும் உண்டு. அந்த நாட்களில் வீட்டுக்கு வீடு இருப்பதிலேயே பெரிய பானையில் பீன்ஸ் பாயசம் காய்ச்சுவார்கள். தேங்காய்ப்பாலும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் போட்டு, மேலே சின்னச் சின்னப் பால் பிஸ்கட் மிதக்கவிட்டு, துணி மூடி அக்கம்பக்கத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். மூடிய பானையோடு தெருவில் போகிறவர்களை யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

உச்சி வெயிலில் பெல்கிஸ் பானையை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனாள். தன் கடையின் பின்பக்கம், யார் கண்ணிலும் படாத இடத்தில் நிரப்பி, பூப்போட்ட துணியால் மூடி, இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பியபோது எதிரே மேயர். அவர் கையிலும் துணி மூடிய பானை.

"பாயசமா, பெல்கிஸ்?"

"பாயசம்தான் மேயரய்யா. உங்களுதும்?"

"ஆமா. வீட்டுக்காரி பீன்ஸை அள்ளிப் போட்டுட்டா. கனக்குது."

"பக்கத்து வீட்டுக்கா?"

"பக்கத்து வீட்டுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு மேயர் தம் வீட்டுப் பக்கம் நடந்தார்.

தெரு முழுவதும் பானைகள். பள்ளிக்கூடத்து ஆசிரியை, மருந்துக்கடைக்காரர், சிலுவை ஊர்வலத்தில் இருக்க வேண்டிய பாடகர் குழு, எல்லாரும் பானை சுமந்து ஒருவருக்கொருவர் ஆசி சொல்லிக்கொண்டு போனார்கள். யாரும் யாருக்கும் ஒரு கரண்டி தரவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. பாயா மான்சாவில் அதற்கு முன்னால் இப்படி ஒரு மரியாதைக் குறைவு நடந்ததே கிடையாது.

இரண்டாவது நடைக்கு பெல்கிஸ் போனபோது லிசென்சியாதா அங்கே இருந்தார். காக்கிக் கோட்டின் பைகள் எல்லாம் முதன்முறையாகப் புடைத்துக்கொண்டிருந்தன. டிரைவர் அரசாங்க ஜீப்பில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"ஆய்வுக்கு மாதிரி எடுக்கிறோம்" என்றார் லிசென்சியாதா, யாரும் கேட்காமலே.

"இத்தனை மூட்டையாம்மா?"

"பெரிய கடற்கரை. பெரிய மாதிரி." பிறகு பானையைப் பார்த்தார். "அது என்ன?"

"பாயசம்."

"எடுத்துட்டுப் போங்க, ஆறிடப் போகுது" என்றார் லிசென்சியாதா அன்போடு.

சனிக்கிழமை ராதாமேஸின் பட்டறை ஓய்வில்லாமல் ஓடியது. அவன் கணக்கில் ஊர் முழுவதும் அவனுக்குக் கொம்பாத்ரே ஆகிவிட்டது. அன்றே பெல்கிஸ் பானையை மூன்று தரம் தேய்த்துக் கழுவி நிஜமான பாயசம் காய்ச்சினாள். எல்லா வீட்டிலும் அப்படித்தான். வழக்கத்தை விட முடியுமா?

ஈஸ்டர் ஞாயிறு காலையில் பெல்கிஸ் மொட்டைமாடியில் ஈரம் காயாத முதல் வரிசைக் கற்களை எண்ணிக்கொண்டிருந்தாள். அங்கிருந்து கடல் அருமையாகத் தெரிந்தது. பெரிய புயல் ஒன்றும் இல்லை, சாதாரண அலைதான். வந்தது, தடுக்க ஒன்றும் இல்லாததால் சாலை வரைக்கும் வந்தது. சாலைக்குப் பக்கத்தில் தோண்டுவது சௌகரியம் என்பதால் ஊரார் அத்தனை பேரும் அவள் கடையைச் சுற்றித்தான் தோண்டியிருந்தார்கள். தூண்கள் நாலும் ஒரு தரம் ஆடின. கூரையும் மேஜையும் அடுப்புமாகக் கடை எழுந்து, தள்ளாடி, நிதானப்பட்டு, கடலை நோக்கிக் கிளம்பியது.

அது மிதந்தது. துறைமுக அலுவலகம் சொன்னது உண்மைதான். நங்கூரம்தான் இல்லை.

"என் கடை! ஐயோ, என் கடை!" என்று பெல்கிஸ் அலறினாள். ஊரில் எல்லா மொட்டைமாடியிலும் ஆட்கள் நின்று அதைப் பார்த்தார்கள். ஒவ்வொருவர் காலடியிலும் ஒரு வரிசைப் புதுக் கல் இருந்தது.

திங்கட்கிழமை விசாரணை. லிசென்சியாதா தலைமை. பாவம், கடை போனவளுக்கு ஏதோ நம்மாலான உதவி என்று மேயர், கூட்டத்துக்குப் பாயசம் பரிமாறும் வேலையை பெல்கிஸுக்குக் கொடுத்திருந்தார். அவள் பானையைக் கொண்டுவந்து மேஜைமேல் 'நங்'கென்று வைத்தாள். முகம் வீங்கியிருந்தது.

"கேள்வி ஒன்றே ஒன்று" என்றார் லிசென்சியாதா. "மணல் எங்கே போனது?"

"நான் சொல்றேன்" என்றாள் பெல்கிஸ். "எங்கே போச்சு, யாரு யாரு எடுத்தாங்க, எல்லாம் சொல்றேன். எனக்கு இனிமே போறதுக்கு என்ன இருக்கு?"

ராதாமேஸ் கூரையைப் பார்த்தான். மேயர்தான் முதலில் சுதாரித்துக்கொண்டார்.

"சொல்லலாம், சொல்லலாம். முதல்ல பரிமாறிடும்மா. பெரியவங்க காத்திருக்காங்க."

பழக்கதோஷம், கை தானாகக் கரண்டியைத் தேடியது. எல்லாருக்கும் ஊற்றினாள். லிசென்சியாதா முதல் கரண்டியை வாயில் வைத்தார்.

'நறுக்'.

அவர் மெல்லுவதை நிறுத்தினார். பெல்கிஸ் பானையைப் பார்த்தாள். மூன்று தரம் கழுவிய பானை. அடுத்து மேயர் வாயில் நறுக்கென்றது. மருந்துக்கடைக்காரர் வாயில், ஆசிரியை வாயில், வரிசையாகப் பின்பெஞ்சு வரைக்கும் நறநறவென்று கேட்டது. தத்தம் வீட்டிலும் சனிக்கிழமையிலிருந்து இதே சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஆதலால் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. ஒருவரும் துப்பவில்லை.

லிசென்சியாதா விழுங்கினார். கைக்குட்டையால் உதட்டை ஒற்றிக்கொண்டார்.

"பிரமாதம். பிஸ்கட் மொறுமொறுன்னு இருக்கு."

சனிக்கிழமை போட்ட பிஸ்கட் திங்கட்கிழமை வரை பாயசத்தில் ஊறிக் கூழாகியிருந்தது. அதை யாரும் சுட்டிக்காட்டவில்லை.

"நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே?" என்றார் லிசென்சியாதா.

பெல்கிஸ் அவரைப் பார்த்தாள். மேயரைப் பார்த்தாள். எதிர்ச் சுவரில் இன்னும் பச்சைக் காகிதத்தில் ஒட்டியிருந்த தன் கனவைப் பார்த்தாள். மாடியில் இருக்கிற கல்லை நினைத்தாள். ஒரு வரிசைதான் ஆகியிருந்தது. அறைக்கு இன்னும் எத்தனையோ வரிசை வேண்டும்.

"கடல்தாங்க" என்றாள். "கடல்தான் எடுத்துக்கிச்சு."

கூடம் முழுவதும் பெருமூச்சு விட்டது. கடல் ஒன்றே முழுப் பொறுப்பு என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. இரண்டாம் கட்ட மணலுக்கு உடனே மனு அனுப்பவும், இப்போது கரையே இல்லாததால் அதற்கு முன் ராதாமேஸிடம் கொஞ்சம் மணல் கடன் கேட்கவும் முடிவாயிற்று. கரைப் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவியாக, பாதிக்கப்பட்டவர் என்ற முறையில், பெல்கிஸ் மார்த்தே தேர்ந்தெடுக்கப்பட்டாள். எல்லாரும் கை தட்டினார்கள்.

கை தட்டல் ஓயட்டும் என்று காத்திருந்து, பானையின் அடியில் மிச்சமிருந்ததை அவள் தனக்கு ஊற்றிக்கொண்டு ஒரு வாய் போட்டாள். பல்லில் நறநறத்தது. அவள் கடைத் தூணுக்கடியில் கிடந்த மணல்தான், மாவு மாதிரி நல்ல மணல். மென்று விழுங்கினாள்.